காங்கயம் கிடாரியும் பூச்சிக்காளையும்: காணொளி விற்பனைச் சேவை ஒன்றுக்கு ஒரு மதிப்புரை

விற்க வேண்டிய மாட்டை வீட்டுக்கே வந்து காணொளியாகப் படம்பிடித்து, தம்முடைய யூடியூப் சேனலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுத் தருகிறவர்கள் பொள்ளாச்சி வட்டாரத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். காங்கயம் இனக் கிடாரி ஒன்றையும், இனவிருத்திக்கு வைத்திருந்த பூச்சிக்காளை ஒன்றையும் விற்பதற்காக, அவர்களில் ஒருவருடைய சேவையைக் கடந்த தை மாதத்திலும் பங்குனியிலுமாக இரண்டு முறை பணம் கொடுத்துப் பயன்படுத்தினேன். அவர் பெயரையும் சேனலின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதி அவருடையது, மீதி என்னுடையது. இனவிருத்திக்கு மாடு விற்கிறவன் எதைக் காட்ட வேண்டும் என்று முதல் முறை எனக்கே தெளிவில்லை.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. கேரளம் என்றதும் மழையையும் வாழைத்தோப்பையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டையும் பனைமரங்களையும் கண்டு, எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று கேட்பதுண்டு. மழை குறைவான இந்த மண்ணுக்குக் காங்கயம் மாடு நன்றாகவே ஒத்துப்போகிறது. என்னிடம் இருப்பவை மொத்தம் ஏழு உருப்படிகள். ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ விற்பேன். பண்ணை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கன்று எந்தத் தாய்க்கு, எந்தக் காளைக்கு, எந்தத் தேதியில் பிறந்தது என்பதற்கு என் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது.

சந்தைக்கு ஏன் ஓட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. பொள்ளாச்சிச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுகிறது. இந்தப் பக்கம் வாணியங்குளம் சந்தை வியாழக்கிழமை. இரண்டுமே பெரிய சந்தைகள், இரண்டிலும் காலையில் ஓட்டிப்போன மாட்டை மதியத்துக்குள் காசாக்கிவிடலாம். ஆனால் வெளி மாநிலங்களிலிருந்து வந்து இறங்கும் மாடுகளில் பெரும்பகுதி இறைச்சிக்குப் போகிற இடத்தில், சினைக் கிடாரியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், வருகிறவர் முதலில் அதன் இடுப்பெலும்புக்கு மேலே கையை வைத்துச் சதையைத்தான் அழுத்திப் பார்ப்பார். நானும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன். தரகர் துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்துச் சொன்ன விலை 42,000. அதன் தாய் ஆறு ஈற்று ஈன்றது, ஒரு கன்றைக்கூட வீசியதில்லை, அதாவது கரு கலைந்ததில்லை என்பதற்கு அந்தத் துண்டுக்குள் விரல் கிடையாது. கிடாரியைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகுதான் காணொளிக்காரருடைய எண்ணைத் தேடினேன்.

கட்டணம் ஒரு மாட்டுக்கு 2,000 ரூபாய். விற்றால் தரகு கிடையாது. பதினைந்து நாளில் விற்காவிட்டால் இன்னொரு முறை இலவசமாகப் பதிவேற்றுவார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இந்தத் தொழிலில் அதுவே பாராட்டத்தக்கது. கைபேசியை ஆடாமல் பிடிக்கும் கருவி ஒன்றும், சட்டையில் மாட்டும் மைக் ஒன்றும் வைத்திருந்தார்கள். மாட்டை மிரட்டவில்லை, வாலை முறுக்கவில்லை, தவிட்டுத் தொட்டி பக்கமே வந்து நின்று அது பழகும்வரை காத்திருந்தார்கள். கிடாரி மயிலை, அதாவது சாம்பல் கலந்த வெள்ளை நிறம். நண்பகல் வெயிலில் எடுத்தால் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துத் தெரியும் என்று சொல்லி, மாலை ஐந்து மணி வரை பொறுத்திருந்து, கிளுவை வேலியைப் பின்புறமாக வைத்து எடுத்தார்கள். முழங்காலில் இருக்கும் கருமையும், கொம்பு பின்னால் வளைந்து நுனி கூடுவதும் அந்த வெளிச்சத்தில் அவ்வளவு துல்லியமாக விழுந்தன. முப்பது ஆண்டுகளாகத் தினமும் பார்க்கிற மாடுகளை இன்னொருவர் கண்ணால் பார்ப்பது போல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு உடன்பாடில்லை. கொம்புக்கு வர்ணம் அடிக்கலாமா என்று கேட்டார்கள். சின்னதாக ஒரு டப்பாவும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். மாட்டுப் பொங்கலன்று அடிப்பது வேறு, விற்கிற அன்று அடிப்பது வேறு. ஈன்ற பசுவின் கொம்பில் ஈற்றுக்கு ஒன்றாக வளையம் விழும். அந்த வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால்தான், கிழட்டு மாட்டை விற்கிறவர்கள் கொம்பைச் சீவி வர்ணம் பூசுகிறார்கள். தலையீற்றுக் கிடாரிக்கு மறைக்க எதுவுமில்லை. வர்ணம் அடித்தால் மறைப்பதாக ஒரு சந்தேகம் மட்டும் வரும். பல்லைக் காட்டட்டுமா என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் யாருங்கண்ணா பாக்கப் போறாங்க, மூணு நிமிசத்துக்கு மேல போனா தள்ளிவிட்டுருவாங்க" என்று பதில் வந்தது. பூச்சிக்காளையைத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தார்கள். திமில் அழகாகத் தெரிந்தது, ஆனால் காளையின் உயரம் முழுவதும் போயிற்று. கீழே குனிந்து எடுத்திருந்தால் இல்லாத உயரம் வந்திருக்கும். மாட்டின் தோள் மட்டத்தில் கைபேசியைப் பிடித்து, பக்கவாட்டில் நான்கு கால்களும் தெரிய எடுப்பதே நேர்மையான படம்.

மூன்றாம் நாள் காணொளி வெளியானது. பின்னணியில் திரைப்பாடல் ஓடியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தலைப்பில் "நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் காங்கயம் பரம்பரை" என்று போட்டிருந்தார்கள். காங்கயம் உழவுக்கும் பாரத்துக்கும் பேர்போன இனம், பால் இனமன்று. என் மாடுகளில் நல்லது ஒன்று, கன்றுக்கு விட்டதுபோக வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறக்கும். நான் மைக்கில் சொன்னதும் அதுதான்; பேச்சில் அது அப்படியே இருந்தது. ஆனால் தலைப்பைப் படிக்கிறவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. தொலைபேசியில் அழைத்துத் திருத்தச் சொன்னேன். "எட்டுன்னு போட்டாத்தாங்கண்ணா கிளிக் பண்ணுவாங்க" என்றார். இரண்டு நாள் கழித்து, நான் மீண்டும் அழைத்த பிறகே, மாற்றினார்.

அந்த இரண்டு நாளுக்குள் எனக்கு வந்த அழைப்புகளை எண்ணி மாளாது. சேலத்திலிருந்து மலப்புறம் வரை அழைத்தார்கள். பாதிப் பேர் மாட்டைப் பற்றி எதுவும் கேட்காமல் "கடைசி விலை சொல்லுங்க" என்றார்கள். சிலர் விவசாயி என்று சொல்லிக்கொண்டு பேசிய தரகர்கள். எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்ட மாத்திரத்தில் அவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒருவர் தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், மாட்டைத் தம் தந்தைக்காக வாங்குவதாகவும், முன்பணம் அனுப்ப ஒரு கியூஆர் படத்தை அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை அழுத்துங்கள் என்றும் சொன்னார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்பதைக் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தேன். எண்ணைத் திரையில் பெரிதாகப் போடுகிற சேவை, இந்த ஒரு எச்சரிக்கையையாவது விற்பவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் திருச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகனும் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுப் பாலுக்கு ஒரு நாட்டுப்பசு வேண்டும் என்பது அவர்கள் தேவை. கிடாரியை மூன்று சுற்று சுற்றிப் பார்த்தார்கள், தாய்ப்பசுவைக் கறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். செம்பில் விழுந்த பாலைப் பார்த்ததும் பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எட்டு லிட்டர் எந்நல்லே வீடியோயில் பறஞ்ஞது?" என்று கேட்டார். தலைப்பு நான் போட்டதல்ல என்று விளக்கினேன். மகன் நம்பவில்லை, பெரியவர் நம்பினார் என்றே நினைக்கிறேன், ஆனால் அவருக்குக் கார் வாடகை போய்விட்டது. மோர் கொடுத்து அனுப்பினோம். என் வீட்டு வாசலில் நின்று ஒருவர் என்னைப் பொய்யன் என்று எண்ணிப் போனது அதற்கு முன் நடந்ததில்லை.

அந்தப் பதினைந்து நாளில் ஒன்பது பேர் நேரில் வந்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. இலவசமாக மறுபதிவேற்றம் செய்கிறோம் என்றார்கள். நான் அதை ஏற்காமல், பங்குனியில் மீண்டும் மாட்டுக்கு 2,000 கொடுத்து, புதிதாக எடுக்க வேண்டும், என்ன எடுக்க வேண்டும் என்பதை நான் சொல்வேன் என்று பேசிக்கொண்டேன். மறுப்பேதும் இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். சொன்னபடி செய்யும் குணம் அவர்களிடம் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் நம் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் முறை முதலில் தாயைக் காட்டினேன். கறவையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெட்டாமல் எடுத்து, அளவுச் செம்பைக் கைபேசிக்கு அருகில் பிடித்து, இதுதான் ஒரு வேளைப் பால் என்றேன். பிறகு அதே தாயின் முந்தைய இரண்டு கன்றுகளை வயது வரிசையில் நிறுத்தினேன். செந்நிறமாகப் பிறக்கிற கன்று ஆறு மாத அளவில் மயிலையாக மாறுவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும், இனக்கலப்பு இல்லாததற்கு அது ஒரு சாட்சி. கிடாரியின் கீழுதட்டை விலக்கி நான்கு பல்லைக் காட்டினேன். சினை உறுதி செய்த நாளை மிருக ஆசுபத்திரிச் சீட்டோடு காட்டினேன். காதிலிருக்கும் மஞ்சள் வில்லையின் பன்னிரண்டு இலக்க எண்ணைப் படிக்கும்படி எடுக்கச் சொன்னேன். அந்த எண்ணை வைத்துத் தடுப்பூசி விவரத்தை எந்த மாநிலத்துக் கால்நடை மருத்துவரும் பார்த்துக்கொள்ள முடியும். கடைசியாகத் தலைக்கயிற்றைத் தளர்த்திவிட்டு இருபதடி நடக்கவிட்டேன்: முன்கால் வைத்த தடத்தில் பின்கால் விழுகிறதா என்று பார்க்கிறவர் பார்ப்பார். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்க்கிற சுழியும் காட்டினேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் சுழி ஏறுபூரானா இறங்குபூரானா என்று வாட்ஸ்அப்பில் படம் கேட்டவர்கள் முதல் முறையே பத்துப் பேருக்கு மேல், அவர்களோடு வழக்காடுவதைவிடப் படம் காட்டுவது எளிது.

காணொளி ஏழு நிமிடம் வந்தது. பாட்டு வேண்டாம், தலைப்பில் "காங்கயம் மயிலை, ஐந்து மாதச் சினை, நான்கு பல், தாய் வேளைக்கு ஒன்றரை லிட்டர், 75,000" என்று மட்டும் போடுங்கள் என்றேன். இதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று படமெடுத்தவர் வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னது சரி. பார்த்தவர்கள் முதல் காணொளியில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அழைத்தவர்கள் முப்பது பேருக்குள். நேரில் வந்தவர்கள் நான்கு பேர். நான்காவதாக வந்தவர் உடுமலைப் பக்கத்துக்காரர். ஏற்கெனவே மூன்று காங்கயம் வைத்திருக்கிறார். அவர் வந்ததும் கிடாரியைப் பார்க்கவில்லை, நேராகத் தாயிடம் போனார். "காணொளில பாத்துட்டு வந்துட்டனுங்க, நோட்டை மட்டும் காட்டுங்க" என்றார். 68,000 ரூபாய்க்கு முடிந்தது. சந்தையில் துண்டுக்குள் கேட்ட விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டில் இரண்டு காணொளிக் கட்டணமும் அடங்கி, அதற்கு மேலும் மிச்சம் இருக்கிறது.

காளையின் கதை வேறு. பூச்சிக்காளையை விற்பதற்கு என்னிடம் ஒரே காரணம்தான் இருந்தது. அதற்குப் பிறந்த கிடாரிகள் பருவத்துக்கு வரப்போகின்றன. தகப்பனும் மகளும் சேராமல் இருக்க வேண்டுமானால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை காளையை மாற்றியாக வேண்டும். ஆனால் நல்ல காளையை ஒருவர் விற்கிறார் என்றால் வாங்குபவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, முட்டுகிறதா, கருப்பிடிப்பதில்லையா என்பதே. காணொளியில் நான் காரணத்தைச் சொன்னேன். விற்கிறவன் சொல்கிற காரணத்தை யார் நம்புவார்கள்? இரண்டு முறையும் காளைக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ரேக்ளாவுக்கு ஓடுமா, வாடிவாசலுக்கு ஆகுமா என்று கேட்டவை. இனவிருத்திக்கு என்று கேட்டவர்கள் இருவர். இருவரும் வரவில்லை.

அது கடைசியில் விற்றது காணொளியால் அன்று. பக்கத்துத் தோட்டத்தில் என் காளைக்குப் பிறந்த கன்றுகள் ஐந்து நிற்கின்றன. அங்கே தீவனத்தட்டு வாங்க வந்த ஒருவர், ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தாற்போல இருப்பதைக் கண்டு, தகப்பன் யார் என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். 1,35,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: புருசெல்லோசிஸ் என்னும் கன்றுவீச்சு நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். நியாயமான நிபந்தனை. அந்த நோய் ஒரு மந்தைக்குள் நுழைந்தால் சினை மாடுகளின் கரு கலையும், அது மனிதருக்கும் தொற்றும். சோதனை முடிவு வரும்வரை பத்தாயிரம் அச்சாரத்தில் காளை என்னிடமே நின்றது. காணொளிச் சேவைக்காரர்கள் இப்படியொரு சோதனையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. காளைக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த 2,000 ரூபாயைச் சோதனைக்கும், கன்றுகள் இருக்கும் வீடுகளுக்கு நாலு பேரை அழைத்துப் போய்க் காட்டும் செலவுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

காங்கயம் மாட்டுக்கென்றே ஞாயிற்றுக்கிழமைதோறும் பழையகோட்டையில் கூடும் தாவணி என்னும் மாட்டுச் சந்தைக்குப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். போகலாம், அங்கே வருகிறவர்களுக்கு மாடு தெரியும், விலையும் இனத்துக்கு ஏற்றாற்போல் நிற்கும். எங்கள் ஊரிலிருந்து வண்டி வாடகை கொடுத்து ஏற்றிப்போய், விற்காமல் திரும்பினால் வாடகை இரட்டிப்பாகிறது என்பதுதான் எனக்குள்ள சிக்கல். பழையகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் காணொளியே தேவையில்லை என்றுகூடச் சொல்வேன்.

எல்லை தாண்டி அனுப்புவதில் இந்தச் சேவை உதவுவதில்லை. "பத்திரமாக வீடு சேர்த்துத் தரப்படும்" என்று விளம்பரத்தில் இருந்தது. விசாரித்தபோது அது ஒரு வண்டிக்காரருடைய எண் மட்டுமே. மருத்துவர் கொடுக்கும் உடல்நலச் சான்றையும், காதுவில்லை எண்ணை வாங்குபவர் பெயருக்கு மாற்றுவதையும் நானே ஆசுபத்திரிக்கு நடந்து முடித்தேன். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. தேதி தாண்டியிருந்தால் சான்றுக்குப் போகும்போது சிக்கலாகும், ஆகையால் விற்கப்போகிற மாட்டுக்கு அதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கிடாரி கோபாலபுரம் வழியாகப் போனது. குட்டியானை வண்டியில் மணலைக் கொட்டி, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, முகம் முன்புறம் பார்க்க ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் என் வீட்டுக் கயிற்றை அவிழ்த்து நான் வைத்துக்கொள்ள, அவர் கொண்டுவந்திருந்த புதுக் கயிற்றை மாட்டினார். சினை ஏழு, எட்டு மாதம் ஆகியிருந்தால் அனுப்பச் சம்மதித்திருக்க மாட்டேன்.

நேரம் தவறாமை, மாட்டிடம் நடந்துகொண்ட விதம், வெளிச்சம் பற்றிய அறிவு ஆகியவற்றுக்கு அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். தலைப்பில் பொய் போட்டதற்கும், திருத்த இரண்டு நாள் எடுத்துக்கொண்டதற்கும் நான் குறைக்கும் மதிப்பெண் அதிகம். சினைக் கிடாரியோ கன்றோடு நிற்கும் பசுவோ விற்க வேண்டியிருந்தால் மறுபடியும் அவர்களையே கூப்பிடுவேன். ஆனால் தலைப்பை எழுதிக் கையில் கொடுத்து, அதற்கு மேல் ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுவேன்.

இன்னொரு குறை மிச்சமிருக்கிறது. விற்ற பிறகும் காணொளியை அவர்கள் எடுப்பதில்லை, பார்வைகள் குறைந்துவிடுமாம். கேட்டதற்கு, கீழே விவரக் குறிப்பில் "விற்றுவிட்டது" என்று ஒரு சொல் சேர்த்தார்கள். அதை யாரும் விரித்துப் படிப்பதாகத் தெரியவில்லை. கிடாரி உடுமலையில் ஈன்று, காளைக்கன்று போட்டிருப்பதாக அவர் படம் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை ஐந்தரை மணிக்கு, செம்பை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கறந்துகொண்டிருக்கும்போது புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் அழைத்து, "அண்ணே, அந்த எட்டு லிட்டர் மாடு இன்னும் இருக்குங்களா?" என்றார்.